வாசகர் கேள்வி – பதில்: அண்மையில் பார்த்த சில படங்கள்

கேள்வி: அண்மையில் நீங்கள் பார்த்த படங்களில், மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சியைச் சொல்லுங்கள்.

பதில்: பாயல் கபாடியா இயக்கிய ‘ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்’ படத்தில் வரும் அரிசி குக்கர் காட்சி. மும்பையில் செவிலியராகப் பணிபுரியும் பிரபாவின் கணவர் வேலைக்காக ஜெர்மனிக்குப் போனவர். ஓராண்டுக்கும் மேலாக அவரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை. ஒரு நாள் வீட்டுக்குப் பார்சல் வருகிறது. பிரித்துப் பார்த்தால் சிவப்பு நிறத்தில் ஒரு மின்சார அரிசி குக்கர். கடிதம் எதுவும் இல்லை; ஜெர்மனியில் தயாரானது என்ற குறிப்பு மட்டுமே அதை அனுப்பியவர் யாராக இருக்கக்கூடும் என்பதைச் சொல்கிறது. பிறகு ஓர் இரவில், யாரும் பார்க்காத நேரத்தில், பிரபா தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரை இழுத்து அணைத்துக்கொள்கிறார். வசனம் இல்லை, அழுகையும் இல்லை. பல ஆண்டுத் தனிமையை ஒரு சமையலறைப் பொருளின் மேல் இறக்கி வைத்த அந்தக் காட்சியில் கனி குஸ்ருதியின் நடிப்பைப் பார்த்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் படம் 2024 கான் திரைப்பட விழாவில் ‘கிராண்ட் ப்ரீ’ விருது பெற்றது. அவ்விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் ஓர் இந்தியப் படம் இடம்பெற்றது 30 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். நகரத்தை விட்டுக் கடலோர ஊருக்குக் கதை நகர்ந்த பிறகு படத்தின் நடை மாறிவிடுகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டாம் முறை பார்த்தபோது, நகரத்தில் வாய்திறக்க முடியாத, பிரபா உட்பட மூன்று பெண்கள் மூச்சுவிட்டுப் பேசுவதற்கு இப்படியோர் இடம் தேவைப்பட்டிருக்கிறது என்பது புரிந்தது. இரண்டாம் பாதியை அவசரப்படாமல் பாருங்கள்.

கேள்வி: இப்போது வரும் ஆக்‌ஷன் படங்களைப் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சுகிறது. குறை என்னிடமா, படங்களிடமா?

பதில்: பெரும்பாலும் படங்களிடம்தான். சண்டை சரியாக அமையாதபோது அதை மறைப்பதற்காகக் காட்சியைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார்கள். யார் அடித்தார், அடி யார் மேல் விழுந்தது என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலின் களைப்பைத்தான் நீங்கள் தலைவலி என்கிறீர்கள்.

ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ (2015) படத்தைச் சென்ற மாதம் மறுபடியும் பார்த்தேன். இரண்டு மணி நேரப் படத்தில் ஏறத்தாழ 2,700 ஷாட்கள், அதாவது வெட்டி ஒட்டிய தனித்தனிக் காட்சித் துண்டுகள், இருக்கின்றன. கணக்குப்படி அதுதான் நமக்கு அதிகத் தலைவலி தந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை. பார்க்க வேண்டிய முகமோ கையோ துப்பாக்கியோ எப்போதும் சட்டகத்தின் நடுவிலேயே இருக்கும்படி படமாக்கியிருக்கிறார்கள். ஒரு ஷாட் முடிந்து அடுத்தது வரும்போது நம் கண் அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. நமீபியப் பாலைவனத்தில் எடுத்துக் குவித்த 480 மணி நேரக் காட்சிகளிலிருந்து இந்த இரண்டு மணி நேரத்தைப் பிரித்தெடுத்தவர் படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸல். படம் வென்ற ஆறு ஆஸ்கர்களில் ஒன்று அவருடையது. எனக்கு ஆக்‌ஷன் படங்கள் மிகவும் பிடிக்கும். அவற்றைத் தரம் குறைந்த வகை என்று ஒதுக்குகிறவர்களிடம் இந்தப் படத்தை முன்வைத்துத்தான் வாதாடுவேன்.

கேள்வி: பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்க்கும்படி என் பேராசிரியர் சொன்னார். இந்தக் காலத்து மாணவனான எனக்கு அது சலிப்புத் தருமா?

பதில்: அவர் சொன்னது சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ படமாகத்தான் இருக்க வேண்டும். 1957-இல் வந்தது; ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக ஓடும். தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனுக்கு மரண தண்டனை உறுதியாகப் போகும் நிலையில், ஜூரிகளாக, அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக, அமர்ந்த பன்னிரண்டு பேரில் பதினொருவர் ‘குற்றவாளி’ என்கிறார்கள், ஒருவர் மட்டும் பேசிப் பார்க்கலாம் என்கிறார். அவ்வளவுதான் கதை. சில நிமிடங்கள் தவிர முழுப் படமும் அந்த ஓர் அறைக்குள்ளேயே நடக்கிறது.

சலிப்பைப் பற்றிக் கேட்டதால், அந்தச் சலிப்பு வராமல் லூமெட் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன். படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கை அவர் கண்மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார். அறை விசாலமாகத் தெரிகிறது, ஆட்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. அடுத்த பங்கைக் கண்மட்டத்தில் எடுத்தார். கடைசிப் பங்கில் கேமரா கண்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதுவரை நாம் பார்க்காத மேற்கூரை அப்போது தலைக்கு மேல் தெரியத் தொடங்குகிறது. கூடவே, படம் நகர நகர நீண்ட குவியத்தூரம் கொண்ட லென்ஸ்களுக்கு மாறிக்கொண்டே போனார். அதனால் பின்சுவர் மெல்ல மெல்ல ஆட்களின் முதுகை ஒட்டி வந்துவிடுகிறது. இந்த உத்தி எதுவும் பார்ப்பவருக்குத் தனியாகத் தெரியாது. அறை சுருங்குவது மட்டும் நெஞ்சில் தெரியும். தீர்ப்பு முடிந்து வெளியே வரும் கடைசி ஷாட்டை விரிந்த கோணத்தில் எடுத்திருக்கிறார்கள். மழை ஓய்ந்த படிக்கட்டில் அவர்கள் இறங்கும்போது நாமும் அவர்களோடு மூச்சு விடுகிறோம்.

நான் முதல் முறை பார்த்தபோது கவனிக்கத் தவறிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. புழுக்கம் தாங்காமல் தொடக்கத்தில் மின்விசிறியைப் போட்டுப் பார்க்கிறார்கள்; அது சுழலவில்லை. வெளியே இருட்டி, மழை பிடித்து, விளக்கைப் போட்ட பிறகுதான், விளக்கும் விசிறியும் ஒரே இணைப்பில் இருப்பது தெரியவருகிறது. அந்த விசிறி சுழலத் தொடங்கும்போது அறையில் வாக்குகளும் இடம் மாறியிருக்கின்றன. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. அதே போல, தீர்ப்பு முடியும் வரை பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. கடைசியில், படிக்கட்டில், இரண்டு பேர் தங்கள் பெயரைப் பரிமாறிக்கொள்கிறார்கள். ஓர் உயிரைக் காப்பாற்ற ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டவர்கள் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கிவிட்டு எதிரெதிர்த் திசையில் போய்விடுகிறார்கள்.

வெளியான காலத்தில் படம் வசூலில் சோபிக்கவில்லை. பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது கிடைத்தது. உங்கள் பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: திகில் படங்களைப் பார்க்கும் பழக்கம் உண்டா? பழைய திகில் படங்கள் இன்றும் பயமுறுத்துமா?

பதில்: உண்டு. நல்ல திகில் படம் பயமுறுத்துவதற்கு வயது ஒரு தடை இல்லை. ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ (1975) படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதாகி நின்றுவிட்டது. சுறாவைக் காட்ட முடியாத நிலையில், அது இருக்கும் இடத்தை மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களாலும் ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரங்களாலும் உணர்த்தினார்கள். சுறாவை நேருக்கு நேர் பார்ப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் படம். இயந்திரம் ஒழுங்காக ஓடியிருந்தால் இன்று இந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா என்பது சந்தேகம்.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வையும் (1960) இதே வாரத்தில் பார்த்தேன். குளியலறைக் கொலையைப் படமாக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் பாகு பயன்படுத்தினார்கள். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று நினைத்திருந்த ஹிட்ச்காக், பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் வைத்து எழுதிய இசையைக் கேட்ட பிறகு மனம் மாறினார். அந்த வயலின்களின் கிறீச்சொலி இல்லாமல் அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பயத்தில் பாதி காணாமல் போவது தெரியும். இப்போது வரும் பேய்ப்படங்களில் பெரும்பாலானவை திடீரென்று ஒரு சத்தத்தைப் போட்டு நம்மைத் துள்ள வைக்கின்றன. துள்ளுவது வேறு, பயப்படுவது வேறு.

கேள்வி: கைபேசியில் படம் பார்ப்பது தவறா?

பதில்: தவறென்று சொல்ல மாட்டேன், பலருக்கு வாய்த்த திரை அது ஒன்றுதான். இரண்டு வேண்டுகோள்கள் மட்டும். நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சிறிய திரையில் படத்தைவிட ஒலிதான் அதிகம் பாழாகிறது. செய்திகள் வந்து குறுக்கிடாதபடி அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: என் பெற்றோர் சிரித்து மகிழ்ந்த நகைச்சுவைப் படங்கள் எனக்குச் சிரிப்பூட்டவில்லை. நகைச்சுவைக்கு மட்டும் ஆயுள் குறைவா?

பதில்: பேச்சை நம்பிய நகைச்சுவைக்கு ஆயுள் குறைவுதான். அந்தக் காலத்துச் செய்தியும் கேலியும் மறந்துபோனதும் சிரிப்பும் போய்விடும். சூழ்நிலையை நம்பிய நகைச்சுவை நீண்ட காலம் நிற்கிறது. சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1931-இல் வந்தது. பேசும் படம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்ட நேரத்தில், பேச்சில்லாத படமாகவே அதை எடுத்தார்.

கண்பார்வையற்ற பூக்காரிப் பெண், சாப்ளின் நடித்த நாடோடியைப் பணக்காரன் என்று தவறாக நினைக்க வேண்டும்; கதையே அந்தத் தவறின் மேல்தான் நிற்கிறது. பார்வையில்லாத ஒருத்தி அப்படி நினைப்பதற்கு என்ன காரணம் காட்டுவது? சாப்ளின் இதற்கு விடை தேடி, அந்த ஒரே காட்சியை 300 முறைக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப எடுத்தார். கடைசியில் கிடைத்த விடையைப் பாருங்கள். போலீஸ்காரரைத் தவிர்ப்பதற்காக நாடோடி, சாலையோரம் நிற்கும் ஒரு பெரிய காரின் ஒரு கதவு வழியே ஏறி மறு கதவு வழியே இறங்குகிறான். கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்ட பெண், காரிலிருந்து இறங்கிய கனவான் என்று எண்ணி அவனிடம் பூவை நீட்டுகிறாள். அவன் தன் கடைசி நாணயத்தைத் தருகிறான். மீதிச் சில்லறையை அவள் எடுப்பதற்குள் காரின் சொந்தக்காரர் வந்து ஏற, கதவு மறுபடியும் சாத்தப்பட்டு, கார் போய்விடுகிறது. மீதியை வாங்காமலே போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். பக்கத்திலேயே நிற்கும் நாடோடி அந்த நினைப்பைக் கலைக்க மனமில்லாமல் நுனிக்காலில் நடந்து நழுவுகிறான்.

பேச்சில்லாத ஒரு படத்தில், முழுக் கதையும் ஒரு கதவோசையில் தொங்குகிறது. அந்த ஓசை நம் காதில் விழுவதே இல்லை; அவள் முகத்தில்தான் அதைக் கேட்கிறோம். பிறகு நாடோடி ஓரமாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்க, வாளியைக் கழுவிய தண்ணீரை அவள் அறியாமல் அவன் முகத்தில் வீசி ஊற்றிவிடுகிறாள். கண் கலங்கும் நேரத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. கடைசிக் காட்சியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வேற்றுமொழிப் படங்களைத் துணையெழுத்தோடு பார்ப்பது நல்லதா, மொழிமாற்றம் செய்த வடிவில் பார்ப்பது நல்லதா?

பதில்: துணையெழுத்தோடுதான். நடிகரின் குரலை எடுத்துவிட்டால் நடிப்பில் பாதி போய்விடுகிறது. படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கும், வேகமாகப் படிக்க முடியாத முதியவர்களுக்கும் மொழிமாற்றம் பெரிய உதவி என்பதால் அதை இகழவும் மாட்டேன்.

கேள்வி: வீட்டில் ஆறு வயதுப் பேத்தியும் பதினான்கு வயதுப் பேரனும் இருக்கிறார்கள். இருவரோடும் சேர்ந்து பார்க்க ஒரு அனிமேஷன் படம் சொல்லுங்கள், ஐயா.

பதில்: அம்மா, ‘ஃப்ளோ’ (2024) உங்களுக்காகவே எடுத்தது போன்ற படம். லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கியது. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது; லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அதுதான். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்திருக்கிறார்கள். படத்தில் மனிதர்களே இல்லை, வசனமும் இல்லை. வெள்ளத்தில் தனித்துப்போன ஒரு கறுப்புப் பூனை, ஒரு நாய், குரங்கு போன்ற ஒரு லெமூர், எலி இனத்தைச் சேர்ந்த பெரிய விலங்கான ஒரு கேப்பிபாரா, நெடிய கால்களைக் கொண்ட ஒரு பறவை ஆகியவை ஒரே படகில் சேர்ந்துகொள்கின்றன. விலங்குகள் மனிதர்களைப் போல் பேசிக் கேலி செய்யும் படங்களைப் பார்த்துப் பழகிய குழந்தைகளுக்கு, விலங்கு விலங்காகவே நடந்துகொள்ளும் இந்தப் படம் புதிய அனுபவமாக இருக்கும். பூனை கண்ணாடியைத் தட்டி விளையாடுவதையும், படகின் விளிம்பில் தயங்கி நிற்பதையும் பாருங்கள். பூனை வளர்த்தவர்கள் ஒவ்வோர் அசைவையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். விலங்குகளின் குரல்கள் உண்மையான விலங்குகளிடமிருந்தே பதிவு செய்யப்பட்டவை. கேப்பிபாராவின் சொந்தக் குரல் அதன் சாந்தமான குணத்துக்குப் பொருந்தாததால், அதற்கு ஓர் ஒட்டகக் குட்டியின் குரலைக் கொடுத்திருக்கிறார்கள். பேரனிடம் இதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். வெள்ளம் பாய்ந்துவரும் இடங்களில் பேத்தி பயப்படக்கூடும். மடியில் உட்கார்த்திக்கொண்டு பாருங்கள்.

ஜப்பானின் ஜிப்ளி நிறுவனப் படங்களைப் பற்றியும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’வைத் தயங்காமல் போடுங்கள். தகஹாத்தாவின் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ போரில் பெற்றோரை இழந்த அண்ணன் தங்கை இருவரின் கதை. மகத்தான படம், ஆனால் ஆறு வயதுக்கு உரியதல்ல. 1988 ஏப்ரலில் இந்த இரண்டையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து வெளியிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: எல்லாப் படங்களையும் புகழ்ந்தே எழுதுகிறீர்கள். ஊரே கொண்டாடிய படத்தில் உங்களுக்குப் பிடிக்காமல் போன ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: கிறிஸ்டோஃபர் நோலன் இயக்கிய ‘ஓப்பன்ஹைமர்’ (2023) படத்தில் எனக்கு இரண்டு மனம் உண்டு. மூன்று மணி நேரப் படம். ஏழு ஆஸ்கர்கள் வாங்கியது. கிலியன் மர்ஃபியின் நடிப்பில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் பின்னணி இசை ஓயவே மறுக்கிறது. இரண்டு பேர் ஒரு வாசலில் நின்று சாதாரணமாகப் பேசும் இடத்தில்கூட இசை அடியில் ஓடிக்கொண்டே இருப்பதால், எந்தப் பேச்சு முக்கியமானது, எது கடந்துபோகக்கூடியது என்று பிரித்தறிய முடியவில்லை. கடைசி ஒரு மணி நேர விசாரணைக் காட்சிகளைக் குறைத்திருக்கலாம் என்பதும் என் கருத்து.

அதே படத்தில்தான், 1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையும் வருகிறது. வெளிச்சம் வெடித்து எழுகிறது, ஒலி இல்லை. தொலைவில் நிற்பவருக்கு ஒளி முதலிலும் ஒலி பின்னாலும் வந்து சேரும் என்பது இயற்பியல். அந்த இடைவெளியை நோலன் அப்படியே நீட்டிப் பிடித்து, மனிதர்கள் மூச்சு விடும் ஓசையை மட்டும் நமக்குக் கேட்க விடுகிறார். பிறகு இடி வந்து விழுகிறது. மௌனத்தின் வலிமை இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒருவர் மற்ற இடங்களில் ஏன் இசையை நிறுத்த மறுத்தார் என்பதுதான் என் மனத்தாங்கல்.

கேள்வி: வன்முறையைக் காட்டாமல் வன்முறையைப் பற்றிப் படம் எடுக்க முடியுமா? ரத்தம் தெறிப்பதைக் காட்டினால்தான் உண்மை உறைக்கும் என்று என் நண்பர் வாதிடுகிறார்.

பதில்: உங்கள் நண்பரோடு சேர்ந்து ஜொனாத்தன் கிளேசரின் ‘த ஸோன் ஆஃப் இன்டரஸ்ட்’ (2023) படத்தைப் பாருங்கள். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதியாக இருந்த ருடால்ஃப் ஹெஸ், மனைவி மக்களோடு முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் வாழ்ந்தவர். முகாமுக்குள் நடக்கும் கொடுமைகளைப் படம் கண்முன் காட்டுவதே இல்லை. குழந்தைகள் விளையாடுகிறார்கள், மனைவி பூச்செடிகளைக் காட்டிப் பெருமைப்படுகிறாள். மதிலுக்கு அப்பாலிருந்து துப்பாக்கிச் சத்தமும் அலறலும் எரியுலையின் உறுமலும் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் தலை நிமிர்ந்து கேட்பதில்லை. ஒலிக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குக் கிடைத்தது முழுக்க நியாயம்.

எனக்கு உறக்கம் கெடுத்த காட்சி, ஒருவர் மேல் ஒருவர் கை வைக்காத காட்சி. முகாமிலிருந்து வந்த உடைமைகளில் ஒரு விலையுயர்ந்த ரோம மேலங்கியை எடுத்துக்கொண்டு அந்த மனைவி தன் அறைக்குப் போகிறாள். கண்ணாடி முன் நின்று போட்டு அழகு பார்க்கிறாள். பையில் கை விட்டால் ஓர் உதட்டுச்சாயக் குச்சி கிடைக்கிறது. அதைத் திருகித் தன் உதட்டில் பூசிப் பார்க்கிறாள். அந்த அங்கிக்குச் சொந்தக்காரி யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்று படம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. நமக்குத் தெரியும் என்பது இயக்குநருக்குத் தெரியும்.

ரத்தத்தைக் காட்டும் படங்கள் எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், மேலே சொன்ன சுறாவிலிருந்து இந்த உதட்டுச்சாயம் வரை, என்னை ஆட்டிவைத்த படங்கள் எதைக் காட்டாமல் விட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்ட படங்களாகவே இருக்கின்றன. காட்டாமல் விட்ட இடத்தை நிரப்புவதற்கு நம்மிடம் இருப்பதைத்தான் போட வேண்டியிருக்கிறது. அதனால் அது நம்மை விட்டுப் போவதில்லை.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று ‘பதேர் பாஞ்சாலி’ பார்த்தேன். மெதுவாகவும் சோகமாகவும் இருந்தது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. என்ன தவறவிட்டேன்?

பதில்: மெதுவாக இருக்கிறது என்பது உண்மை, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரே ஒரு காட்சியை மட்டும் மறுபடியும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னதால் கதையை வெளிப்படையாகப் பேசுகிறேன். பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

வெளியூரில் சம்பாதிக்கப் போன ஹரிஹர் நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறார். மகள் துர்கா இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி சர்பஜயாவிடம் காட்டுகிறார். கடைசியில் துர்காவுக்கென்று வாங்கிய சேலையை எடுத்து நீட்டுகிறார். அதுவரை கல்லாக இருந்த சர்பஜயா அந்தச் சேலையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உடைகிறாள். அவளுடைய கதறலை நாம் கேட்பதில்லை. அவள் வாய் திறக்கும்போது இயக்குநர் சத்யஜித் ரே அவளுடைய குரலை எடுத்துவிட்டு, தார்ஷெனாய் என்ற கருவியின் உச்ச ஸ்வரத்தை அங்கே வைத்தார். ஒரு தாய் அழும் ஓசையை நாம் எத்தனையோ படங்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு அது நமக்குப் பழகிவிட்டது. பழகாத ஓர் ஒலி அந்த வாயிலிருந்து வரும்போது, துக்கத்தை முதல் முறையாகக் கேட்பதுபோல் இருக்கிறது.

1955-இல் வந்த இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதில்லை. படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு வயது 21. பணம் தீர்ந்து நின்று, மறுபடி தொடங்கி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் படப்பிடிப்பு நடந்தது. பின்னணி இசையின் பெரும்பகுதியை ரவிசங்கர் ஒரே இரவில் பதிவு செய்து கொடுத்தார். 1993-இல் லண்டனில் நடந்த தீவிபத்தில் மூல நெகட்டிவ் கருகிப்போக, பல ஆண்டு உழைப்பில் மீட்டெடுத்த பிரதி 2015-இல் திரைக்கு வந்தது. நீங்கள் பார்த்தது மங்கலான பழைய பிரதியாக இருந்தால், மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். நாணற்பூக்களுக்கு நடுவே அக்காளும் தம்பியும் ரயிலைப் பார்க்க ஓடும் இடத்தில் அந்தப் பூக்களின் வெண்மையே வேறாக இருக்கும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிட்டுப் பதில் சொல்வேன்.

கேள்வி: இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் என்றாலே எனக்கு அலுப்பு. படத்துக்கு இவ்வளவு நீளம் தேவையா?

பதில்: குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ 207 நிமிடங்கள் ஓடுகிறது, அதில் வெட்டுவதற்கு ஐந்து நிமிடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 100 நிமிடப் படங்கள் சிலவற்றில் 40 நிமிடத்தைத் தாராளமாக எடுத்துவிடலாம். படத்தைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதே எனக்கு அளவு.

கேள்வி: இன்றிரவு எனக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. இதுவரை ஈரானியப் படம் எதுவும் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அப்பாஸ் கியரோஸ்தமியின் ‘வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்’ (1987). 83 நிமிடங்கள். வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதி வராவிட்டால் பள்ளியை விட்டு நீக்குவேன் என்று ஆசிரியர் ஒரு சிறுவனை எச்சரிக்கிறார். அன்று மாலை, பக்கத்தில் உட்காரும் அகமது, அந்தச் சிறுவனின் நோட்டைத் தன்னுடையது என்று நினைத்துத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டதைக் கண்டுபிடிக்கிறான். நண்பன் அடுத்த ஊரில் இருக்கிறான்; வீடு தெரியாது. அம்மாவிடம் சொன்னால், பாடத்தை எழுது என்கிறார், குழந்தைக்குப் பால் கொடு என்கிறார், சொல்வதைக் காதில் வாங்குவதே இல்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குன்றின் மேலுள்ள வளைந்து வளைந்து போகும் பாதையில் ஓடுகிறான். இதைவிடப் பரபரப்பான த்ரில்லர் ஒன்றை நான் இந்த ஆண்டு பார்க்கவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன். நடித்தவர்கள் அந்தப் பகுதி மக்கள். அகமதுவாக வரும் சிறுவனின் கண்களில் இருக்கும் பதற்றத்தைப் பயிற்சி கொடுத்து வரவழைக்க முடியாது.

கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். மறுநாள் காலை வகுப்பறையில் ஆசிரியர் அந்த நோட்டைப் புரட்டும் கடைசி நிமிடத்தில் திரையை விட்டுக் கண்ணை எடுத்துவிடாதீர்கள்.